நாற்பத்திரண்டாவது கசெற்

ஒலிப்பதிவுகளை வெட்டித் துப்புரவாக்குவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒருகாலத்தில் பெருமை இருந்தது. அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வட லண்டனில், பாமர்ஸ் கிரீனில், ஒரு கிரேக்கத் தேவாலய மண்டபத்துக்குப் பின்னால், நீளமான அறை ஒன்றில் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. கிரேக்க நிழற்பாவைக் கூத்துக்கென்றே வைத்தது. சைப்பிரஸிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். கிழமையில் மூன்று நாள்தான் திறப்பார்கள். கோலியர்ஸ் வுட்டிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து அங்கே போவதென்றால் ஸ்டொக்வெல்லில் ஒருமுறை, பின்ஸ்பரி பார்க்கில் ஒருமுறை ரயில் மாறி, வூட் கிரீனில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். நான் கவுன்சில் நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருடம் ஒலிநாடாப் பகுதி என் பொறுப்பு. நூலகத்தை மூடினார்கள். நான் வீட்டில் இருந்துகொண்டு கணவரின் அலுமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். மூன்றாம் மாதம், என் மகள் என்னிடம் கேட்காமலே அந்த அருங்காட்சியகத்துக்குத் தொண்டர் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். அப்பாவைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கமும் சொன்னாள்.

போன முதல் நாளே வருகிறவர்கள் என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்திலும் தோற்பாவைக் கூத்து உண்டாமே, சின்ன வயதில் நிறையப் பார்த்திருப்பீர்களே என்பார்கள். நான் பார்த்ததே இல்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் சினிமாப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். பாவைக்கூத்தை நான் முதன்முதலில் பார்த்தது பாமர்ஸ் கிரீனில்தான், ஐம்பத்தேழு வயதில்.

பார்க்கப் பார்க்க எனக்கு அது பிடித்துப்போயிற்று. வெள்ளைத் துணித் திரை. பார்ப்பவருக்கு இடப்பக்கம் ஓர் இடிந்த குடிசை, வலப்பக்கம் துருக்கிய அதிகாரியின் மாளிகை. குடிசையில் இருப்பவன்தான் கதாநாயகன். வெறுங்கால், கூன் முதுகு, ஒரு கை மட்டும் அளவுக்கு மீறிய நீளம், எந்த நேரமும் பசி. மாளிகைக்காரரை ஏமாற்றி ஒரு வாய் சாப்பாடு தேடுவதும், அகப்பட்டு அடி வாங்குவதும், திருப்பி அடிப்பதும்தான் அநேகமாகக் கதை. அவனுக்கு ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள், மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு முரட்டு மாமன். மட்டையிலும் தோலிலும் வெட்டிய இந்த உருவங்கள் எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் நிற்கிற ஒரே ஆள். கிழவனாகப் பேசுவார், குழந்தையாக அழுவார், பெண்ணாகச் சண்டை பிடிப்பார். தன்னுடைய குரலில் மட்டும் ஒன்றும் பேசமாட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் காலமான ஒரு கூத்துக்காரரின் சாமான்களை அவருடைய குடும்பம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தது. எண்பது, தொண்ணூறு பாவைகள், திரை, விளக்குகள், அவற்றோடு நாற்பத்திரண்டு கசெற்றுகள். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ரெக்கோடரை வைத்து, தன் கூத்துகளைத் தானே பதிவு செய்தவர் அவர். கராஜில் கிடந்த கசெற்றுகளில் ஈரம் ஏறி நாற்பத்தொன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கணினிக்கு மாற்றியவுடன் எறிந்துவிடுங்கள், வைத்திருந்தால் மற்றப் பொருட்களுக்கும் பரவும் என்று விபரம் தெரிந்தவர் ஒருவர் எழுதிவிட்டார். மாற்றுகிற வேலை எனக்கு வந்தது. முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கசெற்றாகத் துடைத்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றினேன். முடிந்ததை இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன்.

ஏற்றியதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பதிவும் தொடங்கும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு இருமல், மரம் தட்டுகிற சத்தம், ஏதோ முணுமுணுப்பு. முடிவிலும் அப்படித்தான். எனக்குக் கிரேக்கம் தெரியாது. கூத்துத் தொடங்குமுன் திரைச் சட்டத்தில் மூன்று தரம் தட்டுவார். அதற்கு முன்னால் வருவதெல்லாம் குப்பை என்று நானே முடிவுகட்டினேன். வெட்டினேன். கோப்பைத் திறந்தவுடன் டக் டக் டக் என்று கூத்துத் தொடங்க வேண்டும். நூலகத்தில் பழகிய கை. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை.

பூஞ்சணம் பிடிக்காத அந்த ஒரு கசெற் தனியாக ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் ஐந்தைந்து நிமிடம் ஓடவிட்டேன். வெறும் இரைச்சல்தான். பட்டியலில் 'வெறும் கசெற்' என்று எழுதிவிட்டு அதை என் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், குசினி மேசையின் இழுக்கிற லாச்சிக்குள் வைத்தேன். களவு என்றால் களவுதான், மறுக்கவில்லை. வெறும் கசெற் ஒன்றை எறிய என் கை வராது, அவ்வளவுதான்.

ஏன் வராது என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நான் இங்கே, அம்மா யாழ்ப்பாணத்தில், யுத்தத்துக்குள். தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி விற்கத் தடை. அம்மாவுக்குக் கடிதம் எழுதப் பொறுமை போதாது. பக்கத்து வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரெக்கோடர் ஓட்டினார்கள். அம்மா அங்கே போய்க் கசெற்றில் கதைத்து, கொழும்புக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். அது கை மாறிக் கை மாறி லண்டனுக்கு வரும். சுற்றுகிறவர் களைத்தால் நாடா அங்கே மெதுவாக ஓடிப் பதியும், எனக்கு இங்கே அம்மாவின் குரல் கீச்சென்று வேகமாக ஓடும். பிறகு சரியாகும். தொடக்கத்தில் எப்போதும் ஒரே வசனம்தான் சொல்லுவார்.

"பிள்ளை, இது சுத்துதோ தெரியேல்லை. சுத்துதெண்டு நினைச்சுக் கதைக்கிறன்."

முடிவிலும் ஒரே வசனம்தான். "கசெற்றைத் திருப்பி அனுப்பு, என்ன. இஞ்சை வேறை எடுக்கேலாது."

நான் மூன்று நான்கு தரம் கேட்பேன். பிறகு அந்தக் கசெற்றிலேயே, அம்மா கதைத்ததற்கு மேலேயே, என் பதிலைப் பதிவு செய்து அனுப்புவேன். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரே கசெற் ஏழெட்டுத் தரம் போய் வந்தது. ஒரு கொப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று மகள் பின்னாளில் கேட்டாள். இன்னொருவரிடம் ரெக்கோடர் இரவல் வாங்கியிருந்தால் எடுத்திருக்கலாம். அடுத்தது வரும்தானே என்று இருந்துவிட்டேன். கடைசித் தரம் நான் அனுப்பியபின் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தது. போன இடத்தில் அம்மா காய்ச்சலில் காலமானார். கசெற் அவருக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. அது எங்காவது கிடந்தாலும் அதில் இருப்பது என் குரல். அம்மாவின் குரலை நானேதான் அழித்தேன். அவருடைய முகம் படங்களில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை, என் தலைக்குள்ளும் இல்லை.

கசெற் வேலை முடிந்து ஒரு மாதத்தில் கூத்துக்காரரின் மனைவி வந்தார். எழுபத்தெட்டு வயது. கறுப்புக் கோட்டு, நிமிர்ந்த நடை, தையல் ஆலையில் முப்பது வருடம் மெஷினில் இருந்த கைகள். எனக்கும் அவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான், ஆனாலும் இருவரும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம். அவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"என் கணவரின் குரலைக் கேட்க வேண்டும்," என்றார்.

நாற்பத்தொரு கூத்து இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டேன்.

"கூத்து வேண்டாம். அதில் எல்லாரும் இருப்பார்கள், அவர் இருக்கமாட்டார். அவர் தானாகப் பேசுகிற ஒரு வசனம் எங்காவது இருக்கும். அதைத் தேட வேண்டும்."

ஏன் வேறெங்கும் இல்லை என்று கேட்க எனக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரே சொன்னார். கடைசி ஆறு வருடம் கூத்துக்காரருக்குக் குரலே இல்லையாம். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். போனை நீட்டி எல்லோரும் எல்லாவற்றையும் படம் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் அவர் ஒரு சின்னப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய கலியாண வீடியோக்களில் ஆடுகிறார், மேலே பாட்டு ஓடுகிறது. வீட்டுத் தொலைபேசியில் செய்தி பதிந்து வைத்ததும் மனைவிதான்.

"எட்டு வருடமாகக் கேட்கவில்லை. அவருடைய குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது," என்றார். குரல் கம்மாமல், விலை சொல்வது போலத்தான் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்தார். எள்ளுத் தூவிய வளைய ரொட்டி கொண்டுவருவார், நான் தேத்தண்ணி போடுவேன். ஒரு கூத்து ஒன்றேகால் மணித்தியாலம். ஆளுக்கொரு ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்போம். அவர் சிரிக்கவே மாட்டார். கதாநாயகனின் மனைவி பேசுகிற இடம் வந்தால் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார். காது கிழிகிற கீச்சுக் குரல் அது. பின்னால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பது பதிவில் கேட்கும்.

நாலைந்து கிழமை கழித்துக் காரணம் சொன்னார்.

"அது நான். அந்தக் குரலை என்னிடமிருந்துதான் எடுத்தார். எல்லாருக்கும் தெரியும். பேக்கரியில் நான் ரொட்டி கேட்டால் அந்தக் குரலிலேயே எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். கலியாணமாகி மூன்றாம் வருடத்தோடு நான் கூத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்."

பாவைகளைக் கொடுக்கும்போது அந்த மனைவிப் பாவையைச் சுவரில் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடிசைக்குப் பக்கத்தில் கூனனும் மூன்று பிள்ளைகளும் மட்டும் நின்றார்கள். தாய்க்காரி கீழே லாச்சிக்குள் கடதாசி சுற்றிக் கிடந்தாள். மனுசனுக்கு ஐம்பது வருடம் சமைத்துப்போட்ட ஒருத்தியை இப்படியா பகிடி பண்ணுவது என்று எனக்கும் கோபம் வந்தது. பார்த்திராத அந்த ஆளை மனதுக்குள் நன்றாகவே பேசினேன்.

முப்பத்து மூன்றாவது கூத்து முடிந்த வியாழக்கிழமை அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு யோசித்தபடி இருந்தார்.

"ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை," என்றார். "தொடங்குமுன் அவர் பாவைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். பிறகு அவற்றோடு கதைப்பார். 'வாருங்கள் பிள்ளைகளே, வேலைக்குப் போவோம்' என்பார். கராஜில் கூத்துப் பழகும்போதும் அப்படித்தான். ரெக்கோடரை மறந்துவிடுவோம் என்று பயந்து, வந்தவுடன் முதல் வேலையாக அதைத்தான் அழுத்துவார். அப்படியானால் அதெல்லாம் இதில் இருக்க வேண்டுமே?"

இருமல், மரம் தட்டுகிற சத்தம், முணுமுணுப்பு. நாற்பத்தொரு தரம் அந்த மனிதர் தன் குரலில் பிள்ளைகளே என்று கூப்பிட்டிருக்கிறார். நாற்பத்தொரு தரமும் நான் வெட்டி எறிந்திருக்கிறேன். கசெற்றுகள் குப்பைக்குப் போய் மாதக் கணக்காகிவிட்டது.

அன்றைக்கு நான் உண்மை சொல்லவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு, பார்த்துச் சொல்கிறேன் என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அவர் நம்பினார், நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லும். அந்த மனுசி இல்லாததைத் தேடிக்கொண்டு இன்னும் எட்டுக் கிழமை பஸ் ஏறி வரப்போகுது. அது பாவம்."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலைதான். எனக்குச் சொன்னீர்தானே."

அடுத்த வியாழன் அவர் கோட்டைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டேன். கணினியைத் திறந்து, வெட்டுவது எப்படி என்றும் காட்டினேன். என்னை நியாயப்படுத்துவதற்கோ, பாவத்தை இறக்கி வைப்பதற்கோ, அம்மாவின் கசெற்றைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அது வேண்டாத வேலை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். என் கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு நடந்ததற்குப் பிறகும் இதைச் செய்தீர்களா?"

ரொட்டிப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை.

அவருடைய அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சமைக்கும்போதும் ரயிலில் இருக்கும்போதும் அதே கேள்வி. இரண்டாவது வியாழன் வீட்டுக்கு வந்து, குசினியில் நின்று மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. நாற்பத்தொன்றைக் கராஜில் ஈரத்தில் போட்டவர், ஒன்றை மட்டும் ஏன் டின்னில் மூடி வைத்தார்? என்னைப் போன்ற ஒருத்தி வேண்டுமானால் வெறும் கசெற்றைப் பத்திரப்படுத்துவாள். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. வந்தவுடன் முதல் வேலையாக அழுத்துகிறவர். நான் கேட்டது ஐந்து நிமிடம். அவர் கராஜில் ஆறுதலாக விளக்கைக் கொளுத்தி, கதிரையை இழுத்து உட்கார எவ்வளவு நேரம் எடுத்திருப்பார்?

லாச்சியை இழுத்தேன். கசெற் அங்கே இல்லை. முன்னறைக்கு ஓடினேன். அங்கே கணவரின் பழைய கசெற் டெக்கில் பக்திப் பாடல் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கசெற் சுற்றிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, இந்தக் கசெற்றிலை என்ன செய்தனீங்கள்?"

"லாச்சிக்குள்ளை சும்மா கிடந்தது. சட்டனிலை இருக்கிற கூட்டாளியின்ரை பழைய பாட்டைக் கொப்பி பண்ணினனான். நல்ல கசெற், சத்தம் தெளிவாயிருக்கு."

"ரெண்டு பக்கமுமோ?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லை, ஒரு பக்கம்தான். மற்றப் பக்கத்துக்கு அவன் நாளைக்குத் தாறனெண்டவன்."

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். பாவம், அவர் எனக்குத் தலைச்சுற்று என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவரும் எங்கள் ஆள்தானே. வெறும் கசெற்றைக் கண்டால் அவருடைய கையும் சும்மா இராது.

கசெற்றைத் திருப்பிப் போட்டோம். ஐந்து நிமிடம் இரைச்சல். ஆறு. ஏழு. கணவர் எதிரே முழங்காலில் கையூன்றியபடி இருந்தார். எட்டாவது நிமிடம் ஒரு கதிரை இழுபட்டது. யாரோ இருமினார். கீச்சுக் குரல் ஒன்று ஏதோ சொன்னது. அதற்குப் பிறகு, தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த ஓர் ஆண் குரல். முப்பத்து மூன்று கூத்துக் கேட்ட எனக்கு அந்தக் குரல் புதிது. கூனன் இல்லை, மாமன் இல்லை, மாளிகைக்காரர் இல்லை. உடனே நிறுத்தினேன். நாடா அறுந்துவிடுமோ என்ற பயம். அதைவிட, முதலில் கேட்க வேண்டியவள் நானில்லை.

கூத்துக்காரரின் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கசெற்றை நான் எடுத்துக்கொண்டு போனது முதல், ஒரு பக்கம் போய்விட்டது வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

கசெற்றைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று ரயிலிலும் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து மேசையடியில் இருந்தார். ரொட்டி கொண்டுவரவில்லை. இந்தமுறை நான் தொடக்கத்திலிருந்தே கணினியில் ஏற்றினேன். எட்டு நிமிட இரைச்சலையும் இருவரும் இருந்து கேட்டோம். நான் ஒரு பொத்தானையும் தொடவில்லை.

கதிரை இழுபட்டது. இருமல் வந்தது. அவருடைய கை மேசை விளிம்பைப் பிடித்தது.

கீச்சுக் குரல் ஒரு வசனம் சொன்னது. அவர் வழக்கம்போல ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினார். அதற்குள் அந்தத் தாழ்ந்த குரல் வந்துவிட்டது. தூக்கிய கை அப்படியே நின்றது. மறுபடியும் அதே வசனம், கொஞ்சம் தணிந்த கீச்சு. மறுபடியும் தாழ்ந்த குரல். இப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. நான் நாடா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையாவது தரமோ, அந்த வசனம் கீச்சே இல்லாமல் வந்தது. ஓர் ஆண் சொல்வது என்று தெரிந்தது. ஆனாலும் அது களைத்துப்போன ஒரு பெண், கோபமில்லாமல், வாசலில் நின்று கேட்கிற கேள்வி என்று மொழி தெரியாத எனக்கே கேட்டது. தாழ்ந்த குரல் ஒரே ஒரு சொல் சொன்னது. டக்கென்று அவர் ரெக்கோடரை நிறுத்திய சத்தம் கேட்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"'சாப்பிட வருகிறாயா இல்லையா' என்பதுதான் வசனம்," என்றார். "ஒவ்வொரு தரமும் சொல்லிப் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்கிறார். 'இல்லை. அவள் இப்படிக் கத்தமாட்டாள். இன்னொருமுறை.' திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். 'இல்லை, இதுவும் அவள் இல்லை. இன்னொருமுறை.' கடைசியில் சொன்ன சொல், 'இதுதான்.'"

நான் கசெற்றை வெளியே எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கூத்தில் அந்தக் கத்துகிற குரலைத்தான் போட்டார். அதற்குத்தான் சனம் சிரித்தது," என்றார். "இதை டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடையன்."

அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் லாச்சியைத் திறந்து, கடதாசியைப் பிரித்து, மனைவிப் பாவையை எடுத்தார். சிவப்புப் பாவாடை கட்டிய சின்ன உருவம். நிர்வாகியிடம் கேட்காமலே அதைக் குடிசைக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு முன்னால் மாட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிவந்து என் எதிரே இருந்தார்.

"உங்கள் அம்மா கசெற்றில் என்ன சொல்லுவார்?"

நான் எதிர்பார்க்கவில்லை. இது சுற்றுகிறதோ தெரியவில்லை என்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஆங்கிலத்தில் அல்ல. அவர் சொன்ன மாதிரிச் சொல்லுங்கள்."

ஏலாது என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"பிள்ளை, இது சுத்துதோ தெரியேல்லை. சுத்துதெண்டு நினைச்சுக் கதைக்கிறன்."

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கூத்துக்காரரின் மனைவி தலையைச் சரித்து, கவனமாகக் கேட்டார்.

"இல்லை," என்றார். "இது நீங்கள். இன்னொருமுறை."